பூச்சி வைரஸ் மூளைக் கட்டியை அழிக்குமா? என்.பி.வி. தெரிந்தவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் இரண்டு தரப்பும் வரவும்

#1 கரிசல்காட்டான்

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பருத்தி, கொண்டைக்கடலை வயல்களில் பச்சைக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. என்கிற புழுக்கொல்லி வைரஸ் கரைசல் அடிக்கச் சொல்லியே பாதிக் காலம் போனது. எக்டேருக்கு 250 எல்.இ., அதாவது நோய் கண்ட 250 பெரிய புழுக்களின் உடம்பில் கிடைக்கும் அளவு வைரஸ். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புற ஊதாக் கதிரில் வீணாகிவிடும். கொஞ்சம் வெல்லம் கரைத்து ஊற்றினால் புழு விரும்பித் தின்னும்.

நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் புழுவெல்லாம் செடியின் நுனிக்கு ஏறி, பின்னங்காலால் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும். விரல் பட்டாலே தோல் கிழிந்து உள்ளே இருப்பது கூழாக வடியும். அந்தக் கூழ் விழுந்த இலையைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதிதான். கடுமையான வைரஸ்.

இப்போது பேத்தி கல்லூரிக் கருத்தரங்குக்குத் தயார் செய்கிறாள். தலைப்பைக் கேட்டால் அதே குடும்பத்து வைரஸை மூளைப் புற்றுநோய்க்குள் ஊசி போட்டு ஏற்றுவதாம். எனக்கு இரண்டு சந்தேகம். புழுவைக் கூழாக்கும் வைரஸ் மனிதனை ஒன்றும் செய்யாதா? செய்யாது என்றால் கட்டியை மட்டும் எப்படி அழிக்கும்?

#2 குப்பிக்காரன்

ஐயா, இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. நான் ஒரு புரதத் தயாரிப்பு நிறுவனத்தில் பூச்சி செல் வளர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் என்.பி.வி. சேர்ந்த குடும்பமான பாக்குலோவைரஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தெளித்தது படிகத்துக்குள் பொதிந்த வைரஸ். பாலிஹெட்ரின் என்கிற புரதம் கூடு கட்டி, வைரஸை உள்ளே வைத்துக் காப்பாற்றுகிறது. புழுவின் நடுக்குடல் நல்ல காரத்தன்மை உள்ளது, அங்கேதான் அந்தக் கூடு கரையும். நம் வயிறு அமிலம். முட்டைக்கோஸ் சாப்பிடுகிற எல்லோரும் இந்த வைரஸைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் கடைகளில் விற்ற முட்டைக்கோஸ் இலைகளிலேயே இந்தப் படிகங்கள் இருப்பதை 1973-இல் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் எடுப்பது இன்னொரு வடிவம். புழுவின் உடம்புக்குள் ஒரு செல்லில் இருந்து அடுத்த செல்லுக்குப் பரவும்போது கூடு இல்லாமல், செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளிவரும். அதன் மேலே ஜிபி64 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் உதவியால் மனிதச் செல்லுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது, உட்கரு வரைக்கும் போய்விடுகிறது. ஆனால் அங்கே பெருகாது. அதன் ஜீன்களை இயக்கும் புரோமோட்டர்கள் பூச்சிக்கு ஏற்றவை, நம் செல்லில் பெரும்பாலும் தூங்கும். எனவே மனிதனைப் பொறுத்தவரை அது சரக்கு ஏற்றிய லாரி, அவ்வளவுதான். மனிதச் செல்லில் வேலை செய்யும் புரோமோட்டரோடு எந்த ஜீனை வைத்து அனுப்புகிறோமோ அது மட்டும் இயங்கும். கட்டியை அழிப்பது அந்த ஜீன்.

1983-இல் டெக்சாஸில் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும் இந்த வைரஸை வைத்துப் பூச்சி செல்லில் மனித இன்டர்ஃபெரான் தயாரித்துக் காட்டினார்கள். அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடம் இதைப் புரதம் தயாரிக்கும் கருவியாக மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். 1995-இல் பெர்லினில் ஹாஃப்மன் குழு, அடுத்த ஆண்டு பாஸ்டனில் பாய்ஸ், பூக்கர் இருவர், மனிதக் கல்லீரல் செல்லுக்குள் இது ஜீனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று காட்டிய பிறகுதான் ஜீன் சிகிச்சைப் பேச்சே ஆரம்பித்தது.

#3 பட்டுக்கூடு

வணக்கம். தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். எங்களுக்கு வரும் கிராசரி நோயும் இதே வைரஸ்தானா? அதில் புழு உப்பி, மஞ்சளாகி, காலைக் கிள்ளினால் பால் மாதிரி வடியும். ஒரு தட்டில் வந்தால் அறை முழுக்கப் பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும். இதைப் போய் மருந்து என்கிறீர்களே!

#4 குப்பிக்காரன்

அதே குடும்பம்தான் அண்ணே. உங்களுக்கு வருவது பட்டுப்புழுவின் என்.பி.வி. ஆய்வகங்களில் பெரும்பாலும் ஓடுவது அமெரிக்காவில் குதிரைமசால் பயிரைத் தின்னும் ஒரு புழுவில் கண்டெடுத்தது, ஏ.சி.எம்.என்.பி.வி. என்று சொல்வார்கள்.

இன்னொன்று கேளுங்கள். இந்த வைரஸை நாங்கள் வளர்க்கும் செல்லுக்கு எஸ்.எஃப்.9 என்று பெயர். 2018-இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தை மொட்டையடித்ததே படைப்புழு, அதே இனத்தின் கூட்டுப்புழுச் சினைப்பையில் இருந்து எடுத்த செல்லின் வம்சம். 1970-களில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் எடுத்தது, இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது. 27 டிகிரி போதும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம், குப்பியில் ஊற்றிக் குலுக்கினால் வளரும். வைரஸ் ஏறிய மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் செல் பெருத்து, உள்ளே உட்கருவே முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் 'பிடித்துவிட்டது' என்று குறித்துக்கொள்வோம்.

#5 மரு. செந்தாமரை

நான் புற்றுநோய் மருத்துவர். விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் இரத்தத்தில் நடப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இந்த வைரஸை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால் நம் இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்கிற தற்காப்புப் புரதங்கள் சீக்கிரமே உறையைத் துளைத்துக் காலி செய்துவிடும். கண்டுபிடித்த பெர்லின் குழுவே அடுத்த சில ஆண்டுகளில் அதையும் எழுதிவிட்டது. குப்பியில் இருக்கும் கல்லீரல் செல்லுக்குள் போனது, உடம்பில் இருக்கும் கல்லீரலுக்குப் போகவில்லை.

#6 குப்பிக்காரன்

டாக்டர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் மூளைக்குப் போனார்கள்.

இரத்தம்-மூளைத் தடுப்பு இருப்பதால் மூளைக்குள் காம்ப்ளிமென்ட் தொல்லை குறைவு. கட்டிக்குள் நேரே ஊசி போட்டால் இரத்தத்தையே தொட வேண்டியதில்லை. பாரிஸில் 2000-இல் எலி மூளைக்குள் செலுத்தி, ஜீன் இயங்குவதைக் காட்டினார்கள். அப்புறம் பின்லாந்தின் குவோபியோவில் ஒரு குழு, சிங்கப்பூரில் ஷு வாங் குழு. மூளைக் கட்டி விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர்கள்தான் விடாப்பிடியாக நின்றவர்கள்.

அவர்கள் 2006-இல் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தொண்டை அடைப்பான் நோய்க் கிருமி விடும் நஞ்சு இருக்கிறதே, டிப்தீரியா நஞ்சு, அதன் 'ஏ' துண்டின் ஜீனை ஏற்றினார்கள். ஒரு செல்லைக் கொல்ல அந்த நஞ்சின் ஒரே மூலக்கூறு போதும் என்பார்கள். இவ்வளவு கொடூரமான ஜீனை வழக்கமான வைரஸில் வைத்தால், அந்த வைரஸை வளர்க்கும் மனிதச் செல்லே முதலில் செத்துவிடும். தயாரிக்கவே முடியாது. இவர்கள் கிளையல் செல்லில் (மூளையில் நரம்புச் செல்லுக்குத் துணை நிற்கும் செல்) மட்டும் வேலை செய்யும் புரோமோட்டரைப் போட்டார்கள். பூச்சி செல்லில் அது இயங்காது, அதனால் உற்பத்தி தடையில்லாமல் நடக்கும். எலி மூளையில் வளர்த்த கட்டிக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். தயாரிக்கும் இடமும் தாக்கும் இடமும் இரண்டு வேறு உயிரின வகை என்பதால் மட்டுமே இது சாத்தியம். பூச்சி வைரஸை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

இரண்டாவது, கொள்ளளவு. ஏ.ஏ.வி. என்கிற பிரபலமான வெக்டரில், அதாவது ஜீன் சுமக்கும் வைரஸில், சுமார் 4.7 கிலோபேஸ்தான் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டி.என்.ஏ. எழுத்து) ஏற்றலாம். பாக்குலோவின் சொந்த மரபணுத் தொகுதியே 134 கிலோபேஸ், அதன் மேல் 38 கிலோபேஸ் வரை ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். நஞ்சு, புரோமோட்டர், நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஜீன் எல்லாவற்றையும் ஒன்றாகவே அனுப்பலாம்.

மூன்றாவது, நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அடினோவைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே இருக்கும், சளி பிடித்தபோது வந்தது. பூச்சி வைரஸுக்கு அந்த முன்பகை இல்லை.

#7 நிலாமதி

அண்ணா, நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (கரிசல்காட்டான் ஐயாவின் பேத்தி இல்லை, சத்தியமாக!). ஒரு சந்தேகம். பாக்குலோ கொண்டுவரும் ஜீன் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும் என்று படித்தேன். குரோமோசோமில் ஒட்டாது, செல்லும் வாயை அடைத்துவிடும். அப்படியென்றால் இது பலவீனமான வெக்டர்தானே?

#8 குப்பிக்காரன்

ஹீமோஃபீலியாவுக்கு (இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) என்றால் பலவீனம்தான். அங்கே ஆயுள் முழுக்க ஜீன் ஓட வேண்டும். கட்டிக்கு ஏன் ஆயுள் முழுக்க? செல் சாகும் வரைக்கும் ஓடினால் போதுமே. வேலை முடிந்ததும் ஜீன் காணாமல் போவது பாதுகாப்புப் பார்வையில் நல்லது.

இதே மாதிரி இன்னொன்று. பாக்குலோ உள்ளே போனால் டி.எல்.ஆர்.9 என்ற உணர்வான் அதன் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கூச்சல் போட்டு எழுப்பிவிடும். ஜப்பானில் டக்காக்கு குழு 2008-இல் எந்த ஜீனும் ஏற்றாத வெறும் பாக்குலோவையே எலிக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இயற்கைக் கொல்லி செல்கள், என்.கே. என்போமே, அவை கிளம்பிவந்து கட்டியைக் கட்டுப்படுத்தின. பரம்பரை நோய்க்கான ஜீன் சிகிச்சையில் இப்படிக் கூச்சல் கிளம்பினால் ஆபத்து. 1999-இல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் அடினோவைரஸ் செலுத்திய சில நாட்களில் இறந்தது எதிர்ப்பு மண்டலம் பொங்கியதால்தான். ஆனால் கட்டி என்பது எதிர்ப்பு மண்டலத்தைத் தூங்கவைத்து வளர்வது. அங்கே ஒரு கூச்சல் தேவைப்படுகிறது.

#9 மரு. செந்தாமரை

> பூச்சி வைரஸை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

கேட்பவர்களில் நானும் ஒருத்தி, தம்பி. வெக்டரின் குணங்களை மட்டுமே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். மூளைக் கட்டியில் ஜீன் சிகிச்சை தோற்றது வெக்டர் மோசம் என்பதால் மட்டும் இல்லை.

தற்கொலை ஜீன் முறை எலியோடு நின்றுவிடவில்லை, மனிதர்களிடம் வந்தாயிற்று. ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் ஜீனைக் கட்டிக்குள் சேர்ப்பார்கள். பிறகு கேன்சைக்ளோவிர் மருந்தைச் செலுத்துவார்கள். ஜீன் ஏறிய செல் அந்த மருந்தை நஞ்சாக மாற்றிக்கொண்டு தானும் செத்து, ஒட்டியிருக்கும் பக்கத்துச் செல்லுக்கும் கொஞ்சம் கொடுத்துக் கொல்லும். தாளில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கிளையோபிளாஸ்டோமா என்கிற கொடிய மூளைப் புற்றுநோய் வந்த 248 பேரிடம் ரெட்ரோவைரஸ் வைத்துச் செய்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2000-இல் வந்தது. ஜீன் சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 365 நாள், பெறாதவர்களுக்கு 354 நாள். பதினோரு நாள் வித்தியாசம், புள்ளியியல்படி ஒன்றுமே இல்லை.

சரி, அந்த வைரஸ் பரவாது, இது பரவும் என்று டோக்கா 511 வந்தது. அது கட்டிக்குள்ளேயே பெருகும் ரெட்ரோவைரஸ். முதல் கட்ட முடிவுகளைப் பார்த்து நானே நம்பினேன். 403 பேர் சேர்ந்த சோதனை 2019-இல் தோற்றது. இதே முறையை அடினோவைரஸில் செய்த பின்லாந்துக்காரர்களின் மருந்தும் ஐரோப்பிய அனுமதி கேட்கும் வரை போய், கிடைக்காமல் திரும்பிவிட்டது.

காரணம் தூரம். கிளையோபிளாஸ்டோமா ஒரு உருண்டை இல்லை. ஸ்கேனில் தெரியும் உருண்டையை அறுவை மருத்துவர் எடுத்துவிடுவார். எடுத்த குழியின் விளிம்பில் இருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நல்ல மூளைக்கு நடுவே தனித்தனியாக நடந்துபோய் உட்கார்ந்திருக்கும் செல்கள்தான் ஆளைக் கொல்கின்றன. ஊசி முனையில் இருந்து வைரஸ் சில மில்லிமீட்டர் போகும். பெருகாத வைரஸ் அதோடு நின்றுவிடும். பாக்குலோ பெருகாது என்பதை நீங்கள் பாதுகாப்பு என்று பெருமையாகச் சொன்னீர்கள். என் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அதுவேதான் முட்டுக்கட்டை.

எலி மூளை எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே சில மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்டக் கட்டி முழுவதும் வந்துவிடும்.

#10 கரிசல்காட்டான்

அம்மா சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. வயலிலும் எங்களுக்கு இதே தலைவலிதான். இலையில் நனையாத இடத்துப் புழு சாகாது. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு என்.பி.வி. அடித்தும் பிரயோசனம் இல்லை. அதனால்தான் முட்டை பொரிந்து சின்னப் புழுவாக இருக்கும்போதே அடிக்கச் சொல்வோம்.

#11 குப்பிக்காரன்

டாக்டர் கேட்டதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த 248 பேர் சோதனைக்கு இந்தத் துறையில் யாரிடமும் சுலபமான பதில் கிடையாது.

சிங்கப்பூர்க்காரர்கள் பிடித்த வழி இது. வைரஸ் நடக்காது, ஆனால் சில ஸ்டெம் செல்கள் நடக்கும். நரம்பு ஸ்டெம் செல், மெசன்கைமல் ஸ்டெம் செல் இரண்டுமே மூளைக்குள் கட்டி இருக்கும் பக்கம் தேடிப் போகும் குணம் உள்ளவை. அந்தச் செல்களை வெளியே குப்பியில் வைத்து, பாக்குலோ மூலம் தைமிடின் கைனேஸ் ஜீனை ஏற்றி, பிறகு எலி மூளைக்குள் விட்டார்கள். கட்டியிடம் போய்ச் சேர்ந்த பிறகு கேன்சைக்ளோவிர். ஸ்டெம் செல்லில் பாக்குலோ நன்றாக ஏறும், குரோமோசோமைக் கிளறாது, ஸ்டெம் செல்லின் குணமும் கெடாது. வைரஸ் குப்பியோடு நின்றுவிடுவதால் காம்ப்ளிமென்ட் சண்டையே வராது. தொலைவில் இருக்கும் செல்லை எட்ட இதில் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது.

#12 மரு. செந்தாமரை

அதை ஒப்புக்கொள்கிறேன், இந்த இழையில் இதுவரை வந்ததில் உருப்படியான யோசனை அது. அமெரிக்காவில் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் நரம்பு ஸ்டெம் செல்லில் வேறொரு தற்கொலை ஜீனை வைத்து மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய சோதனை, பாதுகாப்பைப் பார்ப்பதற்காகச் செய்தது. நோயாளி விழுங்கிய மாத்திரை மூளைக்குள் போய்ப் புற்றுநோய் மருந்தாக மாறியதை அளந்தும் காட்டினார்கள். ஆயுள் கூடியதா என்று சொல்லும் அளவுக்குப் பெரிய சோதனை இல்லை.

#13 வைகைக்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'பூச்சி வைரஸ்' என்றால் சிண்ட்பிஸ் வைரஸும் இதில் வருமா? எகிப்தில் சிண்ட்பிஸ் என்ற ஊரில் 1952-இல் பிடித்த கொசுவில் கிடைத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மெருவெலோ குழு அதை இரத்தத்தில் செலுத்தியே எலியின் கட்டிகளைத் தேடிப் பிடித்தார்கள் என்று படித்த ஞாபகம்.

#14 குப்பிக்காரன்

ஆமாம், 2004 வாக்கில் வந்த வேலை. ஆனால் சிண்ட்பிஸ் கொசுவில் பயணம் செய்து பறவைகளிலும் நம்மிலும் தொற்றுகிற வைரஸ். காய்ச்சலும் மூட்டுவலியும் வரும், சிக்குன்குனியாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பாக்குலோ நம்மைத் தொற்றவே தொற்றாது. இரத்தத்தில் தாக்குப்பிடிப்பது சிண்ட்பிஸின் பலம், நோய் உண்டாக்குவது அதன் வில்லங்கம்.

#15 அண்ணனுக்காக

நான் படிக்க மட்டும்தான் இங்கே வருவேன், இன்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அண்ணனுக்கு 47 வயது. கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4. அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, கதிர்வீச்சு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் ஒரு மையத்தைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். 'பூச்சி வைரஸ் ஜீன் தெரபி, பக்கவிளைவு இல்லை, இயற்கையானது' என்று போட்டிருக்கிறது. முன்பணம் ஒன்பது லட்சம். கதிர்வீச்சை நிறுத்திவிட்டு வந்தால்தான் பலன் கிடைக்கும் என்கிறார்கள். அண்ணிக்கு நகையை விற்றாவது போய்விட வேண்டும் என்று இருக்கிறது. இந்த இழையைப் பார்த்தேன். உண்மையிலேயே இப்படி ஒரு சிகிச்சை கிடைக்கிறதா?

#16 மரு. செந்தாமரை

இல்லை. பாக்குலோவைரஸை நேரே உடம்பில் செலுத்தும் புற்றுநோய் மருந்து எதற்கும் எந்த நாட்டிலும் அனுமதி கிடையாது. மேலே பாக்குலோவைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் எலியும் குப்பியும்.

கதிர்வீச்சை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும், வழக்கமாக ஆறு வாரம் கொடுப்பார்கள், கூடவே தினமும் டெமோசோலமைடு என்கிற புற்றுநோய் மாத்திரை. 2005-இல் வந்த சோதனையில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டைத் தாண்டியவர்கள் சுமார் 10 சதவீதம், மாத்திரையும் சேர்ந்தபோது சுமார் 26 சதவீதம். அண்ணனின் கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற ஜீனுக்கான சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அது மெத்திலேட் ஆகியிருந்தால், அதாவது அடங்கியிருந்தால், மாத்திரை இன்னும் நன்றாகக் கேட்கும்.

அந்த மையத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு) பதிவு எண் என்ன? இந்தியாவில் மருந்துச் சோதனை எதுவானாலும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அப்புறம், சோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே அது சோதனை இல்லை.

#17 குப்பிக்காரன்

டாக்டர் சொன்னதில் தயாரிப்பவன் பக்கத்தில் இருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்பதை நம்பாதீர்கள். மருந்துத் தரத்தில் பாக்குலோ தயாரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உறை மென்மையானது, சுழற்றி அடர்த்தியாக்கும்போதே கணிசமாகச் செத்துவிடும். பாஸேஜ், அதாவது வைரஸைப் புதுச் செல்லுக்கு மாற்றி மாற்றி வளர்ப்பது, கூடக் கூட, ஜீனைத் தொலைத்த ஊனமான வைரஸ் பெருகி நல்லதை ஓரம் கட்டிவிடும். 2014-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் எஸ்.எஃப்.9 செல்லுக்குள்ளேயே இன்னொரு வைரஸ், ஒரு ரேப்டோவைரஸ், ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய செல்! சோதித்துப் பார்த்த மனிதச் செல்களில் அது பெருகவில்லை, பிறகு அது இல்லாத செல் வகைகளையும் உருவாக்கிவிட்டார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே அவ்வளவு பெரிய அமைப்பு தேவைப்பட்டது. ஒரு மாடி வாடகைக்கு எடுத்து நடத்தும் மையத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

#18 பட்டுக்கூடு

தங்கச்சி, நகையை விற்க வேண்டாம். டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்கள்.

#19 நிலாமதி

மனது கனத்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன், அப்படியென்றால் பாக்குலோவால் புற்றுநோயாளிக்கு இன்றைய தேதியில் ஒரு பயனும் இல்லையா?

#20 குப்பிக்காரன்

நிறைய இருக்கிறது, ஆனால் உடம்புக்குள் போகாமல். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் தடுப்பூசியின் புரதம் பூச்சி செல்லில் பாக்குலோ வைத்துச் செய்தது. 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோவெஞ்ச் என்கிற புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சையில் நோயாளியின் செல்லைப் பழக்கும் புரதமும் அப்படியே. கொரோனாவுக்கு இங்கே போட்ட கோவோவாக்ஸ்கூட எஸ்.எஃப்.9 சரக்குதான்.

ஜீன் சிகிச்சையிலும் வந்துவிட்டது, பின்வாசல் வழியாக. 2002-இல் அமெரிக்காவில் கோடின் குழு, ஏ.ஏ.வி.யைப் பூச்சி செல்லில் பாக்குலோ மூலமே தயாரிக்கலாம் என்று காட்டியது. 2012-இல் ஐரோப்பா அனுமதித்த கிளைபெரா என்கிற ஜீன் சிகிச்சை மருந்து அப்படித் தயாரானது. பத்து லட்சம் யூரோ விலை வைத்தார்கள், வாங்க ஆள் இல்லாமல் 2017-இல் கடையைக் கட்டினார்கள். ஹீமோஃபீலியா பி-க்கு 2022-இல் வந்த ஹெம்ஜெனிக்ஸும் அதே வழி, 35 லட்சம் டாலர். படைப்புழுச் செல்லில் செய்கிற மருந்துக்கு அந்த விலை ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நாங்கள் செல் வளர்க்கும் திரவம் அவ்வளவு விலை இல்லை.

#21 மரு. செந்தாமரை

ஹீமோஃபீலியா என்றதும் ஒன்று. வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் மூலம் ஜீன் சிகிச்சை கொடுத்து 2024 இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். பூச்சி வைரஸ் இல்லைதான். ஆனால் முறையாகப் பதிந்து, நெறிக்குழு பார்த்து, ஐந்தே ஐந்து பேரில் ஆரம்பித்து எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. நிலாமதி, ஜீன் சிகிச்சை படிக்க ஆசை என்றால் முதலில் அதைப் படியுங்கள்.

#22 பட்டுக்கூடு

எங்கள் பட்டுப்புழு வைரஸுக்கும் இதில் ஏதாவது பங்கு உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

#23 குப்பிக்காரன்

உண்டு அண்ணே, பெரிய பங்கு. 1985-இல் ஜப்பானில் மயேடா என்பவர் உங்கள் கிராசரி வைரஸுக்குள் மனித இன்டர்ஃபெரான் ஜீனை வைத்து, பட்டுப்புழுவுக்கே ஊசி போட்டு, அதன் உடம்பு நீரில் இருந்து மருந்தை எடுத்தார். அந்த வழியில் பூனைக்கான இன்டர்ஃபெரான் மருந்து 1994-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. இங்கே பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யில் கோபிநாதன் குழுவும் அந்த வைரஸை வைத்து ரொம்ப காலம் வேலை செய்தது. அதற்காக நோய் வந்த தட்டைக் கழுவாமல் வைத்துவிடாதீர்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

#24 அண்ணனுக்காக

எல்லோருக்கும் நன்றி. அந்த மையத்துக்கு இன்று போன் செய்து பதிவு எண் கேட்டேன். 'எங்கள் சிகிச்சை அதற்கெல்லாம் மேலே' என்றார்கள். இரண்டாவது முறை கேட்டதும் வைத்துவிட்டார்கள். அண்ணியிடம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன், அவரே கேட்டுவிட்டார். எம்.ஜி.எம்.டி. சோதனைக்குக் கட்டித் துண்டை அனுப்பியிருக்கிறார்களாம், முடிவு வர ஒரு வாரம். கதிர்வீச்சுக்கு முகமூடி அளவெடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அவர் சாப்பிடாமல் வர வேண்டுமா?

#25 மரு. செந்தாமரை

வேண்டாம், சாப்பிட்டே வரலாம். ஸ்கேனுக்குச் சாய மருந்து போடுவதாக இருந்தால் மட்டும் அவர்கள் முன்கூட்டிச் சொல்வார்கள், வலிப்பு மாத்திரையை மட்டும் மறக்காமல் கொடுத்து அழைத்துப் போங்கள். அந்த மையம் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியை அழிக்காதீர்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுத அது வேண்டும். எழுத்தில் உதவி தேவைப்பட்டால் எனக்குத் தனி மடல் போடுங்கள்.